நான்காவது துண்டு

வெள்ளைத் துணியில் இயோசின் சாயம் பட்டுவிட்டால் கறை போகவே போகாது என்று எங்கள் லேபில் புதிதாகச் சேரும் எல்லாரும் பயப்படுவார்கள். போகும். காயவிடாமல், ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால்தான் பரவும். இருபத்தொன்பது வருடத்தில் என் கோட்டில் ஒரு ரோஜாப் பொட்டுகூட நின்றதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எப்படி வேலை செய்கிறவள் என்று தெரிந்தால் மற்றதை நீங்கள் எழுதிக்கொள்வது சுலபமாக இருக்கும்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்லலாம் என்றதற்கு நன்றி, சார்ஜன் நல்லசாமி. மலாயிலும் சொல்ல வரும். ஆனால் மலாயில் சொன்னால் எல்லாம் ஆபீஸ் கடிதம் போல ஆகிவிடுகிறது.

என் பெயர் குமுதவல்லி. வயது ஐம்பத்து மூன்று. சிரம்பானில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் திசுப் பிரிவின் மூத்த டெக்னீஷியன். குடியிருப்பது கோலா சாவா பக்கம், செம்பனைத் தோட்டத்து ஸ்டாஃப் வீட்டில். வீடு என் தம்பி சத்தியசீலன் பெயரில் இருக்கிறது. அவன் அங்கே ஆபீஸ் கிராணி, கணக்கெழுதுகிறவன். பெயர் அவனுடையது, வீட்டை நடத்தியது நான்.

அவன் பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அவனுக்கு நான்கு வயதில் அம்மா போனாள், ஒன்பது வயதில் அப்பா. அதன்பிறகு அவனுக்கு அம்மா, அப்பா, வாத்தியார், முடி வெட்டுகிறவர் எல்லாமே நான்தான். முப்பத்து மூன்று வயது வரை அவன் தலைமுடியை நான்தான் வெட்டிவிட்டேன். சட்டைக் காலரின் அளவு அவனுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். ஒருமுறை தெமியாங்கிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்னைப் பெண் பார்க்க வந்தார். நல்ல மனிதர். தம்பியையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார். அந்த ‘யும்’ எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அதற்காக நான் வருந்தியதில்லை. தியாகம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. என்னிடம் இருந்ததை நான் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

முப்பத்து நான்காவது வயதில் அவன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து என் முன் நிறுத்தினான். திலகா. பெடாஸ் ஊர் முனியாண்டி என்பவருடைய மகள், தடிகாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். அவள்மேல் ஏதாவது குறை சொல்வேன் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். குறை இருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். சிரித்த முகம். காரில் முன் சீட்டை எப்போதும் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்காருவாள். உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டிப் பேசிக்கொண்டு வருவாள்.

என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டாள். நாத்தனாரை வேறு எப்படிக் கூப்பிடுவாள் என்பீர்கள். சரிதான். ஆனால் முப்பது வருடமாக அந்த வீட்டில் அந்தச் சொல்லை ஒரே குரல்தான் சொல்லி வந்தது. அதன்பிறகு ‘அக்கா’ என்று கேட்டால் யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

சின்னச் சின்ன விஷயங்கள்தான். மத்தியானம் ஒன்று பத்துக்கு அவன் எனக்குப் போன் போட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்பான், அது நின்றது. முடியை ரந்தாவ் டவுனில் ஒரு சலூனில் வெட்டிக்கொள்ள ஆரம்பித்தான், அவள் சொன்னாள் என்று. நன்றாகத்தான் இருந்தது. அதையும் நான்தான் முதலில் சொன்னேன், நன்றாக இருக்கிறது என்று. ஆறு வருடம் இப்படியே போயிற்று. ஒரு நாள்கூட வீட்டில் குரல் உயர்ந்ததில்லை. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் நாத்தனாரும் அவளும் அக்கா தங்கை மாதிரி என்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச்சில் திலகாவுக்கு வயிற்று வலி வந்தது. சாப்பிட்டதும் நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். தோட்டத்துக் கிளினிக்கில் கொடுத்த மருந்தில் அடங்கவில்லை. சிரம்பானில் ஒரு மருத்துவமனையில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அது ஒரு புதன்கிழமை. எங்கள் லேப் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். மத்தியான இடைவேளையில் தம்பிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். காலையிலேயே கட்டி வைத்திருந்தேன். நெத்திலி சம்பலும் வெண்டைக்காய்க் குழம்பும்.

நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் திலகாவின் செருப்பு. உள்ளே போகும்போது கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ, இரண்டையும் ஜோடி சேர்த்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சாமான் வாங்கப் போட்டுக்கொண்டு போகும் சாதாரண ரப்பர் செருப்பு. குதிகாலில் தேய்ந்திருந்தது.

சாப்பிடச் சொன்னேன்.

“வச்சிரு அக்கா. திலகா வரட்டும் லா, சேந்து சாப்பிட்டுக்கிறோம்.”

அவளால் அன்று அதைச் சாப்பிட முடியாது என்று சொன்னேன். அதற்கு அவன் அப்படியென்றால் தனக்கும் வேண்டாம் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். வழியில் கொட்டவில்லை. அன்று மத்தியானம் நானே உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டு முடித்தேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவளுடைய திசு எங்களிடம் வந்தது.

எப்படி வேலை நடக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. வயிற்றிலிருந்து கிள்ளியெடுத்த துண்டுகளை ஃபார்மலின் ஊற்றிய சின்னப் புட்டியில் போட்டு அனுப்புவார்கள். ஃபார்மலின் திசுவை அழுகாமல் அப்படியே நிறுத்தி வைக்கும். நாங்கள் அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் எழுதி இயந்திரத்தில் வைப்போம். அது ராத்திரி முழுக்கத் தானே ஓடும். முதலில் ஆல்கஹால், திசுவில் உள்ள தண்ணீரை வெளியேற்ற. பிறகு சைலீன், ஆல்கஹாலை வெளியேற்ற. கடைசியில் உருகிய மெழுகு, காலியான இடங்களிலெல்லாம் போய் நிறைய. மறுநாள் காலையில் துண்டுகளைச் சின்ன அச்சில் வைத்து மெழுகு ஊற்றி ஆறவிட்டால் ஒரு கட்டி கிடைக்கும். அதை மைக்ரோடோமில் மாட்டிச் சீவ வேண்டும். சக்கரத்தைச் சுற்றச் சுற்றக் கட்டி கத்தியில் இறங்கி ஏறும். மெழுகு ரிப்பன் போல வரும். அதன் கனம் தலைமுடியில் இருபதில் ஒரு பங்குதான். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, காயவைத்து, சாயம் ஏற்றுவோம். ஹீமடாக்சிலின் உயிரணுவின் கருவை நீலமாக்கும். இயோசின் மற்றதையெல்லாம் ரோஜா நிறமாக்கும். அதற்குப் பிறகுதான் டாக்டர் பார்ப்பார்.

டாக்டர் பார்ப்பது ஸ்லைடை மட்டும். ஸ்லைடில் இல்லாதது அவரைப் பொறுத்தவரை உடம்பிலும் இல்லை. இதை நான் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன்.

புட்டியின்மேல் ‘திலகா, த/பெ முனியாண்டி’ என்று எழுதியிருந்தது. நான்கு துண்டுகள். ஒவ்வொன்றும் அரிசி நொய் அளவு. வியாழக்கிழமை காலை மைக்ரோடோம் முறை ஹஃபீஸாவுடையது. ரந்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மதார் மைதீனின் மகள். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்தான், கை நல்ல கை. அவளை வேறு சாய வேலைக்கு அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். வேலைப் பட்டியலில் அவள் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. நான் அதில் பொய்யாக எதையும் எழுதவில்லை. இருந்ததைத் திருத்தவில்லை.

முதலில் எனக்கு அக்கறைதான் இருந்தது. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டு மனுஷி, நன்றாக வெட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் ரிப்பனில் ஒன்றை எடுத்துக் கையாலேயே சாயம் ஏற்றி, ஓரத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அந்த வேலை என்னுடையது இல்லை. ஆனால் இருபத்தேழு வருடம் ஸ்லைடு செய்தவளுக்குப் பார்க்கவும் தெரிந்துவிடும்.

மூன்று துண்டுகளில் வெறும் புண். நான்காவது துண்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கூட்டம். உள்ளே வெளிறி, கரு ஒரு பக்கமாக ஒதுங்கி, கல் வைத்த மோதிரத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பது போன்ற உயிரணுக்கள். எங்கள் தொழிலிலும் அந்தப் புற்றுக்கு மோதிரத்தின் பெயர்தான். இருபது, முப்பது இருக்கும். அதிகமில்லை. அந்த நிலையில் வயிற்றை அறுத்து எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஹஃபீஸா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஸ்லைடு அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. இந்த ஸ்லைடு டாக்டரிடம் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்தேன். தம்பி லீவு போடுவான். கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போவான். கஞ்சி ஊட்டுவான். ஆறு மாதம், ஒரு வருடம், அதற்கு மேலும்கூட, அவன் அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அவள் பிழைத்துவிட்டால் அதன்பிறகு பிழைத்து வந்தவளாக இருப்பாள். அப்படிப்பட்ட ஒருத்தியோடு யார் என்ன போட்டி போட முடியும்?

எனக்கு வேண்டியிருந்தது கொஞ்ச கால அவகாசம், அவ்வளவுதான். வயிற்றுப் புண் என்றால் இரண்டு மாதத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அப்போது தெரிந்தால் தெரியட்டும் என்று நினைத்தேன்.

அந்த முதல் ஸ்லைடைக் கூர்முனைக் கழிவு போடும் மஞ்சள் பெட்டியில் போட்டேன். மறுபடி மைக்ரோடோமில் உட்கார்ந்து, கனத்தைக் கூட்டி வைத்து, சக்கரத்தைச் சுற்றினேன். கட்டியின் முகத்தைச் சமன் செய்ய எல்லாரும் இப்படிச் சீவுவார்கள்; யார் பார்த்தாலும் வித்தியாசமாக இருக்காது. மெழுகுத் துருவல் கத்தியடியில் சேர்ந்தது. தூரிகையால் தட்டிவிட்டேன். மறுபடி ஒன்றைச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். இன்னும் நான்கைந்து மோதிரங்கள் இருந்தன. மறுபடி சீவினேன். மூன்றாவது முறை பார்த்தபோது சுத்தமாக இருந்தது. மொத்தத்தில் நான் சீவியெடுத்தது மூன்று தலைமுடியை அடுக்கினால் எவ்வளவு கனமோ அவ்வளவு. நான்காவது துண்டு நகத்துணுக்கு போல ஒரு கீற்றாக மிஞ்சியிருந்தது.

பிறகு ஒரு நல்ல ரிப்பன் வெட்டினேன். மடிப்பில்லை, கீறலில்லை, ஒரு குமிழிகூட இல்லை. நீலமும் ரோஜாவும் அளவாக ஏறியிருந்தன. எங்கள் டாக்டர் புவனேஸ்வரன் அன்று சாயங்காலம் கதவோரம் வந்து, இன்றைக்கு வந்த வயிற்று ஸ்லைடு பாடப் புத்தகத்தில் போடலாம் போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. ஹஃபீஸாவைப் பார்த்துத்தான் சொன்னார். அது எனக்குச் சிறிது வருத்தமாக இருந்தது.

நாள்பட்ட அழற்சி, கிருமித் தொற்று, புற்றுநோய் அறிகுறி இல்லை என்று அறிக்கை போயிற்று. தம்பி ஒரு பெரிய பொட்டலம் கறிபாஃப் வாங்கிக்கொண்டு லேபுக்கே வந்து எல்லாருக்கும் கொடுத்தான். திலகா என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க கையாலதான அக்கா, அதான் நல்லபடியா வந்துச்சி” என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். அவள் சும்மாதான் சொன்னாள். லேபில் நடக்கிற எல்லாமே என் கையால் நடப்பதாக அவள் நினைப்பு.

கிருமிக்கு மாத்திரை கொடுத்தார்கள். எரிச்சல் குறைந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அவளுக்குக் குழாய் என்றால் பயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னோடு உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், போகத்தான் வேண்டுமா என்று. நான் அவளைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வலி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது, இனி உன் விருப்பம் என்றேன். இருபத்தேழு வருடம் அதே வேலையில் இருக்கும் ஒருத்தி அப்படிச் சொன்னால் யார்தான் போவார்கள்? அவள் போகவில்லை. அது அவள் எடுத்த முடிவு.

ஒரு வருடம் நன்றாக இருந்தாள். அதன்பிறகு ஒரே மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கினாள். வயிற்றில் நீர் கோர்த்தது. கோலாலம்பூரில் பெரிய மருத்துவமனையில் பார்த்து, வயிற்றுச் சவ்வெல்லாம் பரவிவிட்டது, அறுவை செய்ய இடமில்லை என்றார்கள்.

நான் சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டேன். ஐந்து மாதம். அவளைக் குளிப்பாட்டினேன், உடை மாற்றினேன், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தேன். ஒரு புண் வரவில்லை. வந்து பார்த்த நர்ஸே ஆச்சரியப்பட்டாள். தம்பியும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று போர்வை மாற்றுவோம். ஆபீஸிலிருந்து மத்தியானம் எனக்குப் போன் போடுவான். அவள் என்ன சாப்பிட்டாள் என்றுதான் கேட்பான். ஆனாலும் என்னிடம்தானே கேட்டான்? உண்மையைச் சொல்லச் சொல்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: அந்த ஐந்து மாதம் எனக்கு நல்ல காலம்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் காலையில் அவன் ஆபீஸுக்குப் போனபிறகு திலகா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். குரல் மிகவும் இறங்கிப்போயிருந்தது. “அக்கா, அவர பாத்துக்குங்க. சட்ட பட்டன் பிஞ்சா சொல்லக்கூட தெரியாது அவருக்கு” என்றாள். அவன் சட்டைப் பட்டனைப் பற்றி என்னிடம். சரி என்று தலையாட்டினேன். ஆனால் வெகு நேரம் கோபமாக இருந்தது.

நவம்பரில் போய்விட்டாள். காரியமெல்லாம் முறையாக நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் தம்பியைவிட என்னைத்தான் அதிகம் தேற்றினார்கள்.

அதன்பிறகு அவன் திரும்பி வந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் எங்கேயும் போகவில்லை. இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வேளையும் நான் வைத்ததைச் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டோம் என்று அவனுக்குத் தெரியாது. அவளுடைய தடிகா சாமான் ஒரு பெட்டி இருந்தது: வண்ண அட்டை, எழுத்துக் கட்டைகள், கை பொம்மை. மழைக்காலமாயிற்றே, பூச்சி பிடிக்கும், வெயிலில் வைக்கிறேன் என்று அதை எடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். தொடாதே என்று சொல்லவில்லை. கையைப் பிடித்தான், அவ்வளவுதான்.

பிறகு அவனுக்கு அந்தப் பழைய அறிக்கை ஞாபகம் வந்தது. ஒன்றுமில்லை என்றவர்கள் அன்று எதைப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதினான். கோலாலம்பூர் மருத்துவமனைக்காரர்கள் எங்கள் லேபிலிருந்து ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் வரவழைத்துப் பார்த்தார்கள். ஸ்லைடில் குறையில்லை, ஆனால் கட்டியில் நான்காவது துண்டு கிட்டத்தட்ட இல்லவே இல்லை, வெட்டும்போது அளவுக்கு மீறிச் சீவப்பட்டிருக்கிறது என்று எழுதினார்கள். எங்கள் லேபில் விசாரணைக் குழு அமைத்தார்கள். திசுப் பிரிவுக்கு மூத்தவள் என்பதால் நானும் அதில் ஓர் உறுப்பினர். தொழில்நுட்பக் குறிப்பை நான்தான் எழுதினேன். கவனக்குறைவால் நேர்ந்த மிகைச் சீவல், அனுபவக் குறைவு காரணமாக இருக்கலாம் என்று எழுதினேன். பட்டியலில் இருந்த பெயர் ஹஃபீஸா.

ஒரு நாளைக்கு அறுபது கட்டி வெட்டுகிறவளுக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கட்டி ஞாபகம் இருக்குமா? “என் பேரு போட்டிருக்கு, அப்ப நான்தான் வெட்டியிருப்பேன்” என்று சொன்னாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவளுக்கு ருமைசா என்று இரண்டு வயதில் ஒரு குழந்தை இருக்கிறது. எனக்கு அவள்மேல் எந்தப் பகையும் இல்லை. ஓரிரு மாதத்தில் எச்சரிக்கையோடு திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

தம்பி அவளை நேரில் பார்க்க வேண்டும் என்றான். லேபின் கூட்ட அறையில் உட்காரவைத்தார்கள். அவளோடு அவள் அம்மா ஹசீனா பேகம் வந்திருந்தார். நான் மேசையின் ஓரத்தில். அவன் திட்டத்தான் வந்தான். வழியெல்லாம் காரில் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். ஹஃபீஸா இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். “அண்ணே, நான் வேணும்னு செய்யல. ஆனா என் கைதான் செஞ்சிருக்கு. என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல” என்றாள். அவன் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வந்து அவள் முன் வைத்தான். பிறகு உட்கார்ந்து அழுதான். திலகா இறந்தபோதுகூட அவன் என் முன்னால் அழுததில்லை.

அடுத்த வாரமே அவள் அப்பாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போனான். அதன்பிறகு வாரத்தில் மூன்று நான்கு நாள். மதார் மைதீன் அவனை உட்காரவைத்து மீன் தலைக் கறி போடுகிறாராம். நான் சமைத்து வைத்தது அப்படியே இருக்கும். ஒரு சனிக்கிழமை அந்தத் தடிகாப் பெட்டியைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் கட்டினான். எங்கே என்று கேட்டேன். ருமைசாவுக்கு என்றான்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டேன், அந்தப் பெண்ணிடம் போய் அப்படி என்னதான் பேசுகிறாய் என்று.

“திலகாவப் பத்தித்தான்” என்றான். “அந்தப் புள்ள எல்லாம் கேக்குது அக்கா. எப்படி சிரிப்பாங்க, என்ன பாட்டுப் புடிக்கும்னு. பேசினா மனசு லேசாவுது.”

“எங்கிட்ட பேசலாமே.”

அவன் தேநீரைக் கீழே வைத்தான். “நீ அவளப் பத்தி ஒண்ணுமே கேட்டதில்லையே” என்றான்.

பிறகு ஹஃபீஸாவுக்காக லேபுக்கு ஒரு கடிதம் எழுதப் போவதாகச் சொன்னான். தான் மன்னித்துவிட்டதாகவும் அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும். எழுதியதை வாசித்தும் காட்டினான். நல்ல கடிதம். அவனுக்கு எழுத்து நான் சொல்லிக்கொடுத்தது. ‘இந்தப் பெண் என் மனைவியின் சாவை என்னோடு சேர்ந்து சுமக்கிறாள்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அதன்பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. செய்யாத ஒன்றுக்கு ஒரு பெண் மன்னிக்கப்படுவது அநியாயம் இல்லையா? அந்தக் கட்டியை வெட்டியது ஹஃபீஸா இல்லை, நான். கவனக்குறைவும் இல்லை. அன்று என் கை ஒருமுறைகூட நடுங்கவில்லை. நான்காவது துண்டில் என்ன இருந்தது என்று பார்த்து, தெரிந்து, அது போகும் வரை சீவினேன். திலகாவைக் கொன்றது நான். இதை அப்படியே எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் வந்தேன்; வேறு காரணம் ஒன்றுமில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். இங்கேயா, சரி.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்னைப் பார்க்க வரக்கூடிய உறவினர்கள் யார் யார் என்று இந்தத் தாளில் ஐந்து வரி விட்டிருக்கிறீர்கள். ஒரு வரி போதும். சத்தியசீலன் என்று எழுதிவிட்டு மற்றதை அடித்துவிடுங்கள். முதல் சில வாரம் வரமாட்டான், கோபமாக இருப்பான். பிறகு வருவான். அவனுக்கும் இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?